பலகுரல் சிந்தசைசர்: ஒலியை நாமே அமைப்போம்



தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் இசைக்குழு வாசிக்கும்போது, மேடையின் ஒரு பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள் கொண்ட நீண்ட பெட்டி ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டில் அதிலிருந்து வயலின்கள் கூட்டமாக ஒலிக்கின்றன. அடுத்த பாட்டில் மணியோசை கேட்கிறது. அதற்கடுத்த பாட்டில் அதுவே கனத்த குரலில் தாளத்தோடு சேர்ந்து முழங்குகிறது. “எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது” என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. ஒலி செய்வதற்கு வேண்டிய பொருள்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. அரிசியும் பருப்பும் அடுப்பும் வீட்டில் இருந்துவிட்டால் சோறு தானே வெந்துவிடுமா? சமைக்கத் தெரிந்தவர் வேண்டும் அல்லவா? அதுபோல, ஒலியைச் சமைக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

அந்தச் சமையலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியில் ஒலி எப்படி உண்டாகிறது, அதை நம் விருப்பப்படி எவ்வாறு அமைப்பது, அமைத்ததை எப்படிச் சேமித்து வைப்பது, இத்தகைய கருவியை வாங்க நினைக்கும் குடும்பம் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம். இதற்கு இசைப்பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் ஒலி என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். ஒரு பொருள் அதிரும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் அதிர்கிறது. அந்த அதிர்வு காதுக்கு வந்து சேரும்போது ஒலியாகக் கேட்கிறது. உறுமியில் தோல் அதிர்கிறது. வீணையில் தந்தி அதிர்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. வேகமாக அதிர்ந்தால் சுரம் உயரும். மெதுவாக அதிர்ந்தால் தாழும். ஒரு விநாடிக்கு 440 முறை அதிரும் ஒலியையே உலகமெங்கும் மேல்நாட்டு வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும் அளவாக வைத்திருக்கிறார்கள். அதை இரு மடங்காக்கி 880 ஆக்கினால், அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும்.

அப்படியானால், ஒரே சுரத்தை நாதஸ்வரமும் வீணையும் வாசித்தால் நமக்கு ஏன் வெவ்வேறாகக் கேட்கிறது? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எந்த வாத்தியமும் ஒரே அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. 100 என்ற அதிர்வோடு 200, 300, 400 என்ற மேலதிர்வுகளும் கலந்து வருகின்றன. எந்த மேலதிர்வு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே வாத்தியத்தின் நிறம். இரண்டாவது காரணம், ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பது. வீணையின் தந்தியை மீட்டியதும் ஒலி எழுந்து மெல்ல மெல்லத் தேய்கிறது. நாதஸ்வரமோ மூச்சு இருக்கும்வரை ஒரே நிலையில் நிற்கிறது. இந்த இரண்டு காரணங்களையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தசைசரில் உள்ள குமிழ்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் மாற்றுவதற்காகவே அமைந்தவை.

இந்தக் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-ஆம் ஆண்டில், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியை ஆளும் முறையில் சிந்தசைசர் பகுதிகளை உருவாக்கினார். அவை ஒரு சுவரை மறைக்கும் அலமாரிபோல வளரக்கூடியவை. பகுதிகளைக் கம்பிகளால் இணைத்து வாசிக்க வேண்டும். 1970-இல் அவருடைய நிறுவனம் மினிமூக் என்ற சிறிய கருவியை வெளியிட்டது. அதை மேடைக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஆர்மோனியத்தில் மூன்று கட்டைகளை அழுத்தினால் மூன்று சுரங்களும் சேர்ந்து கேட்கும் அல்லவா? மினிமூக்கில் அது முடியாது.

பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் சிந்தசைசரையே பலகுரல் சிந்தசைசர் என்கிறோம். அவ்வகையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது 1978-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித் உருவாக்கிய புராஃபெட்-5. அதில் ஐந்து சுரங்கள் ஒன்றாக ஒலித்தன. அதைவிட முக்கியமானது, வாசிப்பவர் அமைத்த 40 ஒலிகளை அது நினைவில் வைத்துக்கொண்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு குமிழும் எந்த இடத்தில் இருந்தது என்று தாளில் குறித்து வைத்து, அடுத்த பாட்டுக்கு மறுபடியும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. புராஃபெட்டுக்குள் இருந்த சிறிய கணிப்பொறிச் சில்லு அந்த வேலையை ஒரு பொத்தானில் முடித்துவிட்டது.

ஜப்பான் நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. ரோலண்ட் நிறுவனம் 1984-இல் ஜூனோ-106 என்ற கருவியை வெளியிட்டது. 61 கட்டைகள், ஆறு குரல்கள், 128 ஒலிகளைச் சேமிக்கும் நினைவு. இன்றைய பாடத்துக்கு இந்தக் கருவியையே எடுத்துக்கொள்கிறேன். காரணம், இதன் முகப்பு ஒரு பாடப்புத்தகம் போன்றது. ஒலி பயணம் செய்யும் வரிசையிலேயே குமிழ்கள் இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான குமிழ்கள் மேலும் கீழும் தள்ளக்கூடியவை. 0 முதல் 10 வரை அளவு போட்டிருக்கும். இதைக் கற்றுக்கொண்டவர் வேறு எந்த அனலாக் சிந்தசைசரின் முன்னால் உட்கார்ந்தாலும் திகைக்க மாட்டார்.

அனலாக் என்றால் என்ன? கருவிக்குள் ஒலி என்பது உண்மையான மின்னோட்டமாக, கூடியும் குறைந்தும் அலைபோல ஓடுகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பல கீபோர்டுகள் வேறுவகை. அவை ஏற்கெனவே பதிவு செய்த வாத்திய ஒலியை எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவைத் திருப்பிச் சொல்கின்றன. அனலாக் கருவியில் பதிவு எதுவும் இல்லை. கட்டையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒலி புதிதாகப் பிறக்கிறது.

ஆறு குரல்கள் என்பதையும் விளக்க வேண்டும். ஜூனோவுக்குள் ஒலி செய்யும் ஆட்கள் ஆறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கணிப்பொறிச் சில்லுதான் கங்காணி. நீங்கள் ஒரு கட்டையை அழுத்தியதும், சும்மா இருக்கும் ஆளைப் பார்த்து “இந்தச் சுரத்தை நீ எடு” என்று அது வேலை கொடுக்கிறது. ஆறு கட்டைகளை அழுத்தினால் ஆறு பேருக்கும் வேலை வந்துவிடும். ஏழாவது கட்டையை அழுத்தினால், ஏழு சுரங்களும் ஒன்றாக ஒலிக்க முடியாது. கையை எடுத்த பிறகும் மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும் சுரம்கூட ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். நீண்ட நேரம் தேயும்படி ஒலியை அமைத்துவிட்டு வேகமாக வாசித்தால், பழைய சுரங்கள் திடீரென்று அறுந்து போவது இதனால்தான்.

இனி முகப்புக்கு வருவோம். முதல் வேலை அலையை உண்டாக்குவது. டி.சி.ஓ. என்று எழுதப்பட்ட பகுதி அது. இரண்டு முக்கியமான அலைகள் அங்கே கிடைக்கின்றன. ஒன்று ரம்பப்பல் அலை. மரம் அறுக்கும் ரம்பத்தின் பல்போலச் சாய்வாக ஏறிச் சட்டென்று விழுவது. எல்லா மேலதிர்வுகளும் இதில் இருப்பதால் ஒலி பளிச்சென்று, வயலின் கூட்டத்தையும் பித்தளை ஊதுகருவிகளையும் நினைவூட்டும். மற்றொன்று சதுர அலை. இதில் 100, 300, 500 என ஒற்றைப்படை மேலதிர்வுகள் மட்டுமே உள்ளன. மூங்கிலுக்குள் ஊதியதுபோல உள்ளீடற்ற குரல் கேட்கும். இவற்றோடு, ஒரு ஸ்தாயி கீழே ஒலித்துக் கனம் சேர்க்கும் துணை அலையும், மழை இரைச்சல் போன்ற ஓசையும் தனித்தனிக் குமிழ்களில் உள்ளன. 16, 8, 4 என்ற மூன்று பொத்தான்கள் ஸ்தாயியை மாற்றுகின்றன. இந்த எண்கள் தேவாலயங்களில் உள்ள குழாய் ஆர்கனிலிருந்து வந்தவை. குழாயின் நீளம் அடிக்கணக்கில். நீளம் கூடக் கூடச் சுரம் தாழும்.

இரண்டாவது வேலை வடிகட்டுவது. பால் கொட்டகையில் வாளியிலிருந்து பாலை ஊற்றும்போது வலை வைத்து வடிகட்டுவதை நீங்கள் அறிவீர்கள். பட்டைத் துண்டும் கட்டிப்பாலும் வலையில் தங்கிவிடும். பால் மட்டும் இறங்கும். வி.சி.எஃப். என்ற பகுதியும் அதையே செய்கிறது. தாழ்ந்த அதிர்வுகளைப் போகவிட்டு, உயர்ந்த அதிர்வுகளைத் தடுத்து நிறுத்துகிறது. எந்த இடத்தில் தடுக்க வேண்டும் என்பதை அதன் முதல் குமிழ் தீர்மானிக்கிறது. குமிழை மேலே தள்ளினால் வலை திறந்து ஒலி பளிச்சிடும். கீழே இறக்க இறக்க, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலி மங்கி, கடைசியில் மறைந்தே போகும். அடுத்த குமிழ், தடுக்கும் இடத்துக்கு அருகில் உள்ள அதிர்வுகளை எடுப்பாக்கி மூக்கால் பேசுவது போன்ற குரலைத் தருகிறது. இதை உச்சிக்குத் தள்ளினால் வடிகட்டியே சீட்டி அடிக்கத் தொடங்கிவிடும். அப்போது ஒலியின் அளவைக் குறைத்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் கேடு. இந்தப் பகுதிக்கு இடப்பக்கத்தில் எச்.பி.எஃப். என்ற மற்றொரு வடிகட்டி உண்டு. அது தாழ்ந்த அதிர்வுகளைக் குறைப்பது. தொடக்கத்தில் அதை 1-இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

மூன்றாவது வேலை ஒலியின் அளவு. வி.சி.ஏ. என்ற பகுதி அதைக் கவனிக்கிறது. அது தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அடுத்துள்ள பகுதி சொல்வதைக் கேட்டு ஒலியைத் திறந்து மூடும் கதவு அது.

அந்த அடுத்த பகுதிதான் நான்காவது வேலையைச் செய்வது. ஒலி எழுந்து அடங்கும் முறையை அமைக்கும் இடம் அது. நான்கு குமிழ்கள் இருக்கும். எழுச்சி, தணிவு, நிலைப்பு, அடக்கம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். கட்டையை அழுத்தியதிலிருந்து ஒலி உச்சத்தை அடைய எடுக்கும் நேரம் எழுச்சி. உச்சத்திலிருந்து நிலையான அளவுக்கு இறங்கும் நேரம் தணிவு. விரல் கட்டையில் இருக்கும்வரை நிற்கும் அளவு நிலைப்பு. விரலை எடுத்த பிறகு மறையும் நேரம் அடக்கம். மூன்று நேரத்தைக் குறிப்பவை. நிலைப்பு மட்டும் அளவைக் குறிப்பது. புதிதாகக் கற்பவர்கள் குழம்பும் இடம் இதுவே.

பெரட்டுக்கு அடிக்கும் மணியை நினைத்துப் பாருங்கள். அடித்த கணமே ஒலி உச்சத்தில் இருக்கிறது. ஆகவே எழுச்சி 0. பிறகு மெல்லத் தேய்கிறது. ஆகவே தணிவு நீளம். எவ்வளவு நேரம் ஆனாலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆகவே நிலைப்பு 0. இப்போது நாதஸ்வரத்தை நினையுங்கள். மூச்சு சேர ஒரு நொடிப் பொழுது ஆகிறது; எழுச்சி சிறிது. ஊதும்வரை அதே அளவு, நிலைப்பு முழுமை. மூச்சை நிறுத்தினால் ஒலியும் நிற்கிறது, அடக்கம் குறுகியது. இப்படி எந்த ஓசையைக் கேட்டாலும் இந்த நான்கையும் மனத்துக்குள் அளந்து பழகுங்கள். கதவு தட்டும் ஓசை, குயில் கூவும் ஓசை, ரயில் ஊதும் ஓசை எல்லாம் பாடம்தான். கருவி கையில் இல்லாமலேயே செய்யக்கூடிய பயிற்சி இது.

இந்த நான்கு குமிழ்களும் ஒலியின் அளவோடு வடிகட்டியையும் ஆள முடியும். அடித்தவுடன் வலை திறந்து பிறகு மெல்ல மூடினால், முதலில் பளிச்சென்றும் பிறகு மிருதுவாகவும் கேட்கும். மீட்டிய தந்தியில் நாம் கேட்பது இதையேதான்.

இன்னும் இரண்டு பகுதிகள் எஞ்சியுள்ளன. எல்.எஃப்.ஓ. என்பது காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஆடும் அலை. ஊஞ்சல் போன்றது. அது சுரத்தை ஆட்டினால் பாடகரின் குரல் நடுக்கம்போல் இருக்கும். வடிகட்டியை ஆட்டினால் “வா... வா...” என்று வாய் திறந்து மூடுவதுபோல் இருக்கும். கடைசியாக கோரஸ். ஒருவர் பாடுவதைச் சிலர் சேர்ந்து பாடுவதுபோல ஒலியை அகலமாக்குவது அது. ஜூனோவின் புகழுக்கு இந்தக் கோரஸ் ஒரு முக்கியக் காரணம்.

இனி நாமே ஓர் ஒலியை அமைப்போம். முதலில் மேனுவல் என்ற பொத்தானை அழுத்துங்கள். சேமித்த ஒலி எதுவும் இல்லாமல், குமிழ்கள் நிற்கும் இடத்தின்படியே கருவி ஒலிக்கும். எழுச்சி 0, நிலைப்பு 10, அடக்கம் 0 என்று வைத்து, வடிகட்டியை முழுக்கத் திறந்து, மற்ற குமிழ்களை அடியில் இறக்கி, ரம்பப்பல் அலையை மட்டும் போடுங்கள். ஒலியளவுப் பகுதியில் உள்ள குமிழை மட்டும் நடுவில் வையுங்கள். கரடுமுரடான பச்சை ஒலி கேட்கும். அதுவே நம் மூலப்பொருள். எப்போதும் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

முதலாவது, வயலின் கூட்டம் போன்ற ஒலி. ரம்பப்பல் அலை, 8 அடி. வடிகட்டியை 6-க்கு இறக்குங்கள். எழுச்சி 4, தணிவு 5, நிலைப்பு 8, அடக்கம் 5. கோரஸின் முதல் பொத்தானைப் போடுங்கள். இடது கையால் மூன்று சுரங்களை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பாட்டுக்குப் பின்னால் விரிப்புபோலக் கிடக்கும் ஒலி வரும்.

இரண்டாவது, மணி போன்ற ஒலி. ரம்பப்பல்லை நிறுத்திச் சதுர அலையைப் போட்டு, 4 அடிக்கு மாற்றுங்கள். வடிகட்டி 4. எழுந்து அடங்கும் பகுதி வடிகட்டியையும் ஆளும்படி அந்தக் குமிழை 4-க்குத் தள்ளுங்கள். எழுச்சி 0, தணிவு 6, நிலைப்பு 0, அடக்கம் 6.

மூன்றாவது, கனத்த தாழ்குரல். ரம்பப்பல் அலை, 16 அடி, துணை அலை 6. வடிகட்டி 3, அதை ஆளும் குமிழ் 4. எழுச்சி 0, தணிவு 4, நிலைப்பு 2, அடக்கம் 1. கோரஸ் வேண்டாம், தாழ்ந்த சுரங்கள் ஒரே இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும்.

இந்த எண்கள் முடிவான அளவுகள் அல்ல. உப்பு ஒரு சிட்டிகை என்று சொன்னால், ருசி பார்த்துக் கூட்டிக் குறைப்பது சமைப்பவர் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குமிழை மட்டும் நகர்த்துங்கள். என்ன மாறியது என்று காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டு குமிழ்களை ஒன்றாக நகர்த்தினால் எது என்ன செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஒலி பிடித்திருந்தால் அதைச் சேமிக்க வேண்டும். ரைட் என்ற பொத்தானை அழுத்திக்கொண்டு, வேண்டிய எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் ஒலி பதிந்துவிடும். ஆனால் அங்கே முன்பிருந்த ஒலி அழிந்துபோகும். ஆகவே எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சேமித்த ஒலியை மீண்டும் அழைக்கும்போது குமிழ்கள் தாமாக நகர்வதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் குமிழின் இடம் வேறு. கேட்கும் ஒலியின் அளவு வேறு. குமிழைத் தொட்டதும் ஒலி சட்டென்று மாறும். மேடையில் இது தெரியாமல் தொட்டுவிட்டுத் தடுமாறுகிறவர்கள் உண்டு.

ஜூனோ-106 தன் நினைவிலுள்ள ஒலிகளைச் சாதாரண ஒலிநாடாவிலும் பதிந்து வைக்கும். அந்த நாடாவைப் போட்டுக் கேட்டால் கீச்சென்ற இரைச்சல்தான் கேட்கும். ஆனால் கருவிக்கு அதுவே கணக்கு. அதை மீண்டும் செலுத்தினால் 128 ஒலிகளும் திரும்பிவிடும். இதோடு மிடி என்ற இணைப்பும் இக்கருவியில் உண்டு. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுமொழி அது. டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குத்தாரோ காக்கேஹாஷியும் இதற்காக முன்னின்று உழைத்தார்கள். 1983 ஜனவரியில் ஓர் அமெரிக்கக் கருவியையும் ஒரு ஜப்பானியக் கருவியையும் இணைத்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் ஒரே மொழிக்கு உடன்பட்டதால், அன்று செய்த கருவியை இன்றைய கணினியோடும் இணைக்க முடிகிறது. இந்தப் பணிக்காக 2013-இல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

நம் இசைக்குழுக்களில் வாசிப்பவர்களுக்கு இரண்டு சொல் சொல்ல வேண்டும். நாதஸ்வரம் தன் சுருதியை எளிதில் மாற்றிக்கொள்ளாது, சிந்தசைசர் மாற்றிக்கொள்ளும். ஆகவே சிந்தசைசரைத்தான் நாதஸ்வரத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கான சுருதிக் குமிழ் கருவியில் இருக்கிறது. மேலும், கட்டைகளில் சுரங்கள் படிபோலத் தனித்தனியாக நிற்கின்றன. நம் இசையின் கமகமோ படியில் ஏறுவதல்ல, வழுக்கிச் செல்வது. இடப்பக்கத்தில் உள்ள சுரம் வளைக்கும் நெம்பைப் பழகினால் ஓரளவு நெருங்கலாம். முழுமையாக வராது. நாதஸ்வரம் இருக்கும் இடத்தில் அதைப்போல ஒலிக்க முயல்வதைவிட, அதற்குப் பின்னால் மென்மையான விரிப்பாக இருப்பதே சிந்தசைசருக்கு அழகு.

தமிழ்த் திரையிசையில் இந்தப் பொருத்தத்தை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். 1980-களில் இளையராஜாவின் பாடல்களில் வயலின் கூட்டத்தோடும் புல்லாங்குழலோடும் சிந்தசைசரும் சேர்ந்து ஒலித்தது. அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்த ஓர் இளைஞர்தான் 1992-இல் ‘ரோஜா’ படத்துக்கு இசையமைத்த ஏ. ஆர். ரகுமான்.

இப்போது வீட்டுச் செலவைப் பார்ப்போம். பிள்ளை கேட்கிறான் என்பதற்காகச் சேமித்த பணத்தையெல்லாம் போட்டுப் பழைய கருவியை வாங்கிவிடாதீர்கள். 1980-களின் அனலாக் கருவிகளைத் தேடிப்பிடித்து வாங்குவோர் உலகெங்கும் இருப்பதால் இன்று அவற்றின் விலை அதிகம், பழுதும் அதிகம். வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது மின்சாரம். ஜப்பானில் விற்கப்பட்ட கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்கப்பட்டது ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 230 முதல் 240 வோல்ட்டு. பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் நேராகச் செருகினால் கருவி ஒரே நொடியில் கெட்டுப்போகும். தீப்பிடிக்கவும் கூடும். தகுந்த மின்மாற்றி வேண்டும். இரண்டாவது குரல்கள். ஜூனோ-106-இல் குரல் செய்யும் சில்லுகள் வயதானால் பழுதாவது பலரும் அறிந்தது. ஒவ்வொரு கட்டையாகத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போங்கள். ஆறு சுரத்துக்கு ஒன்று ஊமையானாலோ கரகரத்தாலோ, ஆறு ஆட்களில் ஒருவர் வேலைக்கு வரவில்லை என்று பொருள். மூன்றாவது மின்கலம். ஒலிகளின் நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் சிறிய மின்கலம். அது தீர்ந்தால் சேமித்த ஒலிகள் அழியும். அதை மாற்றுவது பழகிய பழுதுபார்ப்பவரின் வேலை. மின்சாரம் பாயும் பெட்டியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது.

வாங்க முடியாவிட்டால் கற்கவும் முடியாதோ என்று கவலைப்பட வேண்டாம். புராஃபெட்-5 கருவியே 2020-இல் புதிதாகச் செய்யப்பட்டு வெளிவந்தது. ஜூனோ-106-இன் ஒலியைச் சிறிய பெட்டியில் தரும் கருவியை ரோலண்ட் நிறுவனமே 2015-இல் வெளியிட்டது. இவற்றுக்கும் பணம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் சிந்தசைசர் மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் தெரியும் படத்திலும் இதே அலை, இதே வடிகட்டி, இதே நான்கு குமிழ்கள்தான். பாடம் ஒன்றே.

கடைசியாக ஒன்று. யமஹா நிறுவனம் 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கருவியை வெளியிட்டது. அது எண்முறையில் ஒலி செய்வது. மிகப் பெரிய அளவில் விற்பனையானது. ஆனால் அதில் ஒலியை அமைப்பது கடினமாக இருந்ததால், வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிறுவனம் போட்டுக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். அதனால் அக்காலத்துப் பாட்டுகள் பலவற்றில் ஒரே மணியோசையும் ஒரே பியானோவும் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. கருவி விலையுயர்ந்ததாக இருந்தும், குரல் மட்டும் இரவல் குரல்.

நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம். பொத்தானை அழுத்தி வரும் ஒலியை வாசிப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஒலி எப்படி வந்தது, அதை எங்கே திருத்தலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கருவியும் அந்நியமல்ல. அலை, வடிகட்டி, அளவு, எழுந்து அடங்கும் முறை என்ற நான்கும் பள்ளியில் படிக்கும் அறிவியலும்கூட. பெற்றோர்களே, உங்கள் வீட்டில் யாராவது குமிழை நகர்த்தி நகர்த்தி ஒரே சுரத்தை அரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். “இப்போது என்ன மாற்றினாய்?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால், பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.